பதினான்கு புள்ளிக் கணக்கு: மகளிர் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் நாடுகளின் ஏற்றமும் இறக்கமும்

1968 முதல் 2024 வரை பாராலிம்பிக்கில் மகளிர் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்குப் பதினைந்து முறை தங்கம் வழங்கப்பட்டிருக்கிறது. வென்றவை ஆறே நாடுகள். அமெரிக்கா 4, கனடா 3, ஜெர்மனி 3 (முதல் இரண்டும் மேற்கு ஜெர்மனியாக இருந்தபோது), இஸ்ரேல் 2, நெதர்லாந்து 2, அர்ஜென்டினா 1. பெண்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப் 1990இல்தான் தொடங்கியது. அதன் முதல் ஒன்பது பட்டங்கள் மூன்றே நாடுகளுக்குள் அடங்கிவிட்டன: கனடா 5, அமெரிக்கா 2, நெதர்லாந்து 2.

பணக்கார நாடுகள், வேறென்ன என்று இந்தப் பட்டியலை ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் பணத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. சக்கர நாற்காலி விளையாட்டுகளுக்கே தாய்வீடான பிரிட்டனின் மகளிர் கூடைப்பந்து அணி இதுவரை ஒரு பாராலிம்பிக் பதக்கமும் வாங்கியதில்லை. பிரான்சும் இத்தாலியும் வாங்கியதில்லை. 1972இல் வெள்ளி வாங்கியதோ ஜமைக்கா. மக்கள்தொகையும் விளக்கம் ஆகாது. கடைசி இரண்டு பாராலிம்பிக்கிலும் தங்கம் வென்ற நெதர்லாந்தில் இருப்பவர்கள் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் கால் பங்கு மட்டுமே.

அப்படியானால் ஒரு நாட்டின் மகளிர் அணியை உயர்த்துவது எது? அரை நூற்றாண்டு வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் விடை ஆட்ட விதிக்குள்ளேயே கிடக்கிறது.

ஆட்டமும் கணக்கும்

கூடையின் உயரம் வழக்கமான 3.05 மீட்டர்தான். ஆடுகளமும் அதே 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு. பந்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு முறை தள்ளலாம். அதற்குள் பந்தைத் தரையில் தட்டியாக வேண்டும், அல்லது யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். நாற்காலி ஆட்டக்காரரின் உடலில் ஒரு பகுதியாகவே கணக்கிடப்படுகிறது. நாற்காலியால் மோதினால் ஃபவுல். இருக்கையிலிருந்து உடலைத் தூக்கி எழும்பினாலும் தண்டனை உண்டு.

இவ்வளவும் பார்த்தவுடன் புரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவரது உடல் இயக்கத்தைப் பார்த்து 1.0 முதல் 4.5 வரை புள்ளி கொடுக்கிறார்கள். இடுப்புக்கு மேலும் கட்டுப்பாடு இல்லாதவர், கையை ஊன்றாமல் முன்னே குனிந்து நிமிர முடியாதவர், 1.0. முன்னே நன்றாகக் குனிய முடியும், பக்கவாட்டில் சாய முடியாது என்றால் 3.0. முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவரைப் போல எல்லாப் பக்கமும் சாய்ந்து எட்ட முடிந்தவர் 4.5. ஒரே நேரத்தில் களத்தில் இருக்கும் ஐந்து பேரின் புள்ளிகளைக் கூட்டினால் 14ஐத் தாண்டக் கூடாது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் பயிற்சியாளரின் தலைவலி புரியும். 4.5 வீராங்கனைகள் இருவரைக் களத்தில் வைத்தால் 9 போய்விட்டது. மிச்சம் 5 புள்ளிக்குள் மூன்று பேர் வேண்டும். ஒரு 3.0, இரண்டு 1.0. அல்லது இரண்டு 2.0, ஒரு 1.0. எப்படிக் கூட்டினாலும் குறைந்தது ஒருவராவது 1.0 அல்லது 1.5ஆக இருக்க வேண்டும். உயரமாக உட்கார்ந்து கூடையில் போடுகிற நட்சத்திரங்கள் எத்தனை பேர் இருந்தாலும், அவர்களோடு ஈடுகொடுத்து ஆடும் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி வீராங்கனைகள் இல்லையென்றால் அந்த நட்சத்திரங்களில் பாதிப் பேர் பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

ஒரு புள்ளி வீராங்கனை களத்தில் என்ன செய்கிறார்? ஸ்கோர் அட்டையில் அவர் பெயருக்கு எதிரே பெரும்பாலும் சைபரோ இரண்டோ இருக்கும். எதிரணியின் உயரமான ஆட்டக்காரி தாக்கி முடித்துவிட்டுத் தன் பக்கம் திரும்பும் அந்தக் கணத்தில், இவர் தன் நாற்காலியின் முன்பகுதியை அவரது பெரிய சக்கரத்துக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்துவார். கால் உள்ளவர் பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைத்து விலகிவிடுவார். சக்கரம் பக்கவாட்டில் நகராது. பின்னால் இழுத்து, திருப்பி, மறுபடி வேகம் எடுக்க மூன்று நான்கு விநாடி ஆகும். அதற்குள் மறுமுனையில் நான்கு பேருக்கு எதிராக நான்கு பேர் வந்து சேர்ந்திருப்பார்கள். அந்த நால்வரில் எதிரணியின் உயரமானவர் இருக்க மாட்டார். பேக் பிக் என்று களத்தில் சொல்லும் இந்த வேலை கைத்தட்டல் வாங்குவதில்லை. ஆட்டத்தை வெல்வது பெரும்பாலும் இதுதான்.

கழுத்துக்குக் கீழே, நெஞ்சளவில் தண்டுவடம் அடிபட்ட ஒரு பெண்ணைக் காப்பாற்றி, புண் வராமல் பராமரித்து, வீட்டைவிட்டு வெளியே வரவைத்து, விளையாட்டு நாற்காலி கொடுத்து, பத்தாண்டு ஆடவைத்தால்தான் ஓர் உலகத்தர ஒரு புள்ளி வீராங்கனை கிடைப்பார். மகளிர் அணிகளின் வரலாறு முழுக்க, இந்தப் பெண்ணை எந்த நாடு எப்படிக் கண்டெடுத்தது என்பதன் வரலாறுதான்.

போலியோ ஆண்டுகள்

இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்காக அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் பிறந்த ஆட்டம் இது. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தண்டுவட நோயாளிகளுக்கு விளையாட்டையே சிகிச்சையாக்கினார். சிப்பாய்களின் ஆட்டம் என்பதால் ஆண்கள் முந்திக்கொண்டார்கள். 1960 ரோம் பாராலிம்பிக்கில் ஆண்கள் ஆடினார்கள். பெண்களுக்கு 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெக்சிகோ ஏற்று நடத்த மறுத்ததால் அந்தப் போட்டிகள் டெல் அவிவுக்கு மாறின. இஸ்ரேல் முதல் தங்கத்தைச் சொந்த மண்ணிலேயே வென்றது. 1972 ஹைடல்பர்க்கில் அர்ஜென்டினா தங்கம், ஜமைக்கா வெள்ளி. 1976இல் மறுபடி இஸ்ரேல்.

இந்த மூன்று நாடுகளையும் இணைக்கும் சரடு இளம்பிள்ளைவாதம். இஸ்ரேலை 1950களில் போலியோ பெரிதாகத் தாக்கியது. அர்ஜென்டினாவில் 1956இல் கொள்ளைநோயாகப் பரவியது. ஜமைக்காவில் 1954இல் வந்தது. ஆனால் போலியோ வந்த நாடெல்லாம் பதக்கம் வாங்கவில்லை. போலியோ வந்த இடத்தில் மறுவாழ்வு மையம் எழுந்த நாடுகள்தாம் வாங்கின. ஜமைக்காவில் எலும்பு முறிவு மருத்துவர் ஜான் கோல்டிங், கிங்ஸ்டனின் மோனா பகுதியில் ஒரு மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார். சிகிச்சையோடு விளையாட்டும் அங்கே அன்றாடமானது. 1966இல் தண்டுவடம் பாதித்தவர்களுக்கான காமன்வெல்த் போட்டிகளே கிங்ஸ்டனில் நடந்தன. ஆறு ஆண்டு கழித்து வந்த வெள்ளிப் பதக்கம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. இஸ்ரேலின் சிப்போரா ரூபின்-ரோசன்பாம் 1964 முதல் 1988 வரை பாராலிம்பிக்கில் கூடைப்பந்தோடு எறிதல் போட்டிகள், நீச்சல் என்று பதக்கங்களைக் குவித்ததும் இப்படிப்பட்ட சூழலில்தான்.

தடுப்பு மருந்து போலியோவை விரட்டியது. நல்ல செய்தி. ஆனால் ஒரே வயதில், ஒரே ஊரில், ஒரே மாதிரி பாதிப்போடு பெண்கள் மொத்தமாகக் கிடைத்த காலமும் அதோடு முடிந்தது. அதன்பின் அணி கட்ட வேண்டுமானால் விபத்தில் சிக்கியவர், பிறவியிலேயே முதுகுத்தண்டு மூடாதவர், புற்றுநோயால் கால் இழந்தவர் என்று நாடெங்கும் சிதறிக் கிடப்பவர்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். அந்தத் தேடலுக்கு ஏற்பாடு இல்லாத நாடுகள் பின்தங்கின. மகளிர் பிரிவில் இஸ்ரேலின் கடைசிப் பாராலிம்பிக் பதக்கம் 1984இல் வந்தது. ஜமைக்காவின் பெயர் அதற்கு முன்பே மறைந்துவிட்டது.

விதியும் இதே காலத்தில் மாறியது. முன்பெல்லாம் தண்டுவடத்தில் எந்த இடத்தில் காயம் என்பதை வைத்து மருத்துவர்கள் வகுப்புப் பிரித்தார்கள். 1980களில் ஜெர்மானியர் ஹோர்ஸ்ட் ஷ்ட்ரோகெண்டல் வகுத்த முறை வந்தது. ஆட்டக்காரர் களத்தில் உண்மையில் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்துப் புள்ளி தரும் முறை அது. பலவகை உடல்நிலை கொண்டவர்கள் ஒரே அணியில் ஆடும் இன்றைய வடிவம் இதிலிருந்து பிறந்தது.

கனடா: எல்லோரும் உட்கார்ந்து ஆடலாம்

1992 பார்சிலோனா, 1996 அட்லான்டா, 2000 சிட்னி என்று தொடர்ந்து மூன்று பாராலிம்பிக் தங்கம். 1994, 1998, 2002, 2006 என்று தொடர்ந்து நான்கு உலகப் பட்டம். இந்த விளையாட்டில் எந்த நாடும் இப்படி ஓர் ஆதிக்கத்தைச் செலுத்தியதில்லை. பயிற்சியாளர் டிம் ஃப்ரிக் இந்த ஏழிலும் உடனிருந்தார். களத்தில் ஷாண்டால் பென்வா தலைமுறைக்கே முன்மாதிரியாக இருந்தார்.

கனடாவின் பிரச்சினை பரப்பளவு. சிறிய ஊர் ஒன்றில் சக்கர நாற்காலியில் ஆடக்கூடிய பெண் ஒருவர் இருந்தால் அவரோடு ஆட இன்னும் ஒன்பது பேர் அங்கே கிடைக்க மாட்டார்கள். கனடா எடுத்த முடிவு எளிமையானது. உள்ளூர் ஆட்டங்களில் ஊனமில்லாதவர்களும் நாற்காலியில் உட்கார்ந்து ஆடலாம் என்றது. அண்ணன், தோழி, பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் வேண்டுமானாலும் சேரலாம். சர்வதேசப் போட்டிக்கு அவர்கள் வர முடியாது. ஆனால் உள்ளூரில் வாரம் தவறாமல் ஆட்டம் நடக்க அவர்கள் இருந்தால் போதும். தனியாகக் கிடந்த ஒரு புள்ளிப் பெண்ணுக்கு ஊரிலேயே ஒரு அணி கிடைத்தது.

2014இல் டொராண்டோவில் ஜெர்மனியை வீழ்த்தி ஐந்தாவது உலகப் பட்டத்தையும் கனடா வென்றது. அதன்பின் அந்த உயரத்தை எட்டவில்லை. 2024 பாரிஸில் வெண்கலப் பதக்க ஆட்டத்தில் சீனாவிடம் தோற்று நான்காவதாக வந்தது. மற்ற நாடுகள் பயிற்சியை முழுநேர வேலையாக்கிக்கொண்ட பிறகு வாராந்திர ஆட்டம் மட்டும் போதவில்லை.

அமெரிக்கா: பல்கலைக்கழகம் என்ற நாற்றங்கால்

அமெரிக்க வழி கல்லூரி வழி. இலினாய் பல்கலைக்கழகத்தில் 1940களின் இறுதியில் டிம் நியூஜெண்ட் சக்கர நாற்காலி மாணவர்களுக்குக் கதவு திறந்ததிலிருந்து அது தொடங்குகிறது. இலினாய், விஸ்கான்சின்–வைட்வாட்டர், அலபாமா, அரிசோனா, டெக்சாஸ்–ஆர்லிங்டன் போன்ற பல்கலைக்கழகங்களில் பெண்கள் அணிகள் அமைந்தன. பதினெட்டு வயதில் நுழைகிற பெண்ணுக்குப் பயிற்சியாளர், உடற்பயிற்சிக் கூடம், விடுதி, பட்டப்படிப்பு எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். நான்கு ஐந்து ஆண்டு தினமும் ஆடலாம். 1988 சியோல், 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங், 2016 ரியோ தங்கங்களுக்குப் பின்னால் இந்தக் கூடங்கள் இருக்கின்றன. 1988 அணியில் இருந்த ஷரன் ஹெட்ரிக், 1977இல் பாஸ்டன் மாரத்தானின் சக்கர நாற்காலிப் பிரிவில் ஓடிய முதல் பெண். 2004, 2008 அணிகளில் ஆடிய ஸ்டெஃபனி வீலர் 2016இல் பயிற்சியாளராகத் தங்கம் வென்றார். ஆடியவரே அடுத்த தலைமுறைக்குக் கற்றுத்தரும் சங்கிலி அறுபடாமல் இருக்கிறது.

இந்த வழியில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எதிரணிகளையும் சேர்த்தே வளர்த்தன. ஜெர்மனியின் அனிகா சையன் அலபாமாவிலும், எடினா முல்லர் இலினாயிலும், மரைக்கே ஆடர்மன் வைட்வாட்டரிலும் படித்தவர்கள். 2012 லண்டன் அரையிறுதியில் அமெரிக்காவை மயிரிழையில் வீழ்த்திய ஜெர்மன் அணியில் மூவரும் இருந்தார்கள். நெதர்லாந்தின் முதன்மை ஸ்கோரர் மரிஸ்கா பேயர் வைட்வாட்டர் மாணவி. 2024 பாரிஸ் இறுதியில் நெதர்லாந்து 63-49 என்று அமெரிக்காவை வென்றபோது, பாடம் சொன்ன வீட்டையே மாணவி வென்றார்.

ஜெர்மனி: ஆண்களோடு ஆடு

ஜெர்மனியின் தேசிய லீக்கில் ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். பெண் ஒருவர் களத்தில் இருந்தால் அவர் புள்ளியிலிருந்து ஒன்றரையைக் கழித்துவிடுவார்கள். 4.5 வீராங்கனை 3.0 ஆகிவிடுவார். 2.5 ஆனவர் 1.0 ஆகிவிடுவார். மிச்சமான ஒன்றரைப் புள்ளியில் கிளப் வேறொருவரை உயர்த்திக்கொள்ளலாம்.

இந்தச் சிறு கழித்தல்தான் என் பார்வையில் பெண்களுக்காக இந்த விளையாட்டில் இயற்றப்பட்ட மிகப் புத்திசாலித்தனமான விதி. பெண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று யாரும் கிளப்புகளிடம் கெஞ்சவில்லை. வெல்ல வேண்டுமென்றால் நல்ல பெண் ஆட்டக்காரர் ஒருவர் வேண்டும் என்ற நிலையைக் கணக்கே உண்டாக்கிவிட்டது. வாரந்தோறும் தன்னைவிடப் பலமான, வேகமான ஆண்களை மறித்துப் பழகியவருக்குச் சர்வதேச மகளிர் ஆட்டத்தில் எதிரே வருவது புதிதாக இருக்காது. வெளிநாட்டு வீராங்கனைகளும் இந்த லீக்கைத் தேடி வருகிறார்கள். ஹோல்கர் கிளினிக்கி பயிற்சியில் 2008இல் வெள்ளி, 2012இல் ஆஸ்திரேலியாவை 58-44 என்று வென்று தங்கம், 2016இல் மறுபடி வெள்ளி. அந்த அணியின் அனிகா சையன் 1.5 புள்ளி வீராங்கனை. பின்னர் கைவிசை சைக்கிளுக்கு மாறி டோக்கியோவில் தங்கம் வென்றார். எடினா முல்லர் துடுப்புப் படகுக்கு மாறி டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம் வென்றார்.

நெதர்லாந்து: ஒரே கூரையின் கீழ்

நெதர்லாந்து நீண்ட காலம் நல்ல அணியாக மட்டுமே இருந்தது. 1988, 1992, 2012, 2016இல் வெண்கலம், 1996இல் வெள்ளி. பிறகு 2018 ஹாம்பர்க் உலகப் பட்டம், டோக்கியோ தங்கம், 2023இல் துபாயில் நடந்த உலகப் பட்டம், பாரிஸ் தங்கம் என்று நான்கையும் வரிசையாக எடுத்தது.

மாற்றம் ஆர்னெம் அருகே உள்ள பாப்பெண்டால் தேசிய விளையாட்டு மையத்தில் நடந்தது. சிறிய நாடு, எங்கிருந்து கிளம்பினாலும் சில மணி நேரத்தில் வந்துவிடலாம். கிளப்புகளில் சிதறியிருந்த வீராங்கனைகளை அங்கே ஒன்றுசேர்த்து, முழுநேரப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியாளர் ஹெர்ட்யான் வான் டர் லிண்டன் தாமே சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடிய பாராலிம்பிக் வீரர். மரிஸ்கா பேயரும் போ கிராமரும் கூடையில் போட்டுக் குவித்ததை உலகம் பார்த்தது. அந்த இரண்டு உயர்புள்ளிக்காரர்களையும் ஒரே நேரத்தில் களத்தில் நிறுத்த முடிந்ததற்குக் காரணமானவர்களில் ஒருவர் யிட்ஸ்கே விசர், 1.0 புள்ளி. ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே பயிற்சி செய்வதால் யார் எங்கே மறிப்பார், யாருக்கு வழி திறக்கும் என்பது பேசாமலே புரிந்துவிடுகிறது. டோக்கியோ இறுதியில் சீனாவை 31 புள்ளியில் கட்டிப்போட்டு 50 எடுத்தது இந்தப் புரிதலால்தான். அதே 2021இல் விசர் சர்வதேசப் பாராலிம்பிக் கமிட்டியின் விளையாட்டு வீரர்கள் கவுன்சிலுக்குத் தலைவராகவும் ஆனார்.

சீனாவும் ஆஸ்திரேலியாவும்: இடம் மாறிய இருவர்

கிளைடர்ஸ் என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலிய அணி 2000 முதல் 2012 வரை நான்கு பாராலிம்பிக்கிலும் பதக்கம் வென்றது. மூன்று வெள்ளி, ஒரு வெண்கலம். அந்த அணியின் லீசல் டெஷ் ஐரோப்பியத் தொழில்முறைக் கிளப்புகளில் ஆடி வழிகாட்டியவர். பின்னர் பாய்மரப் படகில் தங்கம் வென்றார், நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றத்துக்கும் போனார். அந்தத் தலைமுறை ஓய்ந்ததும் அணியும் ஓய்ந்தது. ரியோவுக்குத் தகுதி பெறவில்லை. பாரிஸுக்கும் இல்லை.

அந்த இடத்துக்கு வந்தது சீனா. 2008இல் சொந்த மண்ணில் நடந்த பாராலிம்பிக்குக்காகத் தயாரான அணி அது. அரசே தேடி, அரசே பயிற்சி கொடுத்து, அரசே சம்பளம் கொடுக்கும் முறை. பதின்மூன்று ஆண்டு பொறுத்திருந்தார்கள். டோக்கியோ அரையிறுதியில் அமெரிக்காவை வீழ்த்தி வெள்ளி, பாரிஸில் வெண்கலம். போட்டி முடிந்ததும் அணியைக் கலைத்துவிடாமல் தொடர்ந்து செலவழித்ததன் பலன் இது.

பிரிட்டனின் பாடமும் பொறுமைதான். 2015இல் பெய்ஜிங்கில் 25 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டத்தை பிரிட்டிஷ் பெண்கள் வென்றார்கள். மூன்றே ஆண்டில் மூத்தோர் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி, அதில் அவர்களுக்கு முதல் பதக்கம். 2022இல் பல்கலைக்கழகங்களை மையமாக வைத்துப் பெண்களுக்கென்றே ஒரு பிரீமியர் லீக்கையும் தொடங்கினார்கள்.

யார் ஆடலாம் என்ற சண்டை

2020 ஜனவரியில் சர்வதேசப் பாராலிம்பிக் கமிட்டி ஒரு குண்டைப் போட்டது. இந்த விளையாட்டின் வகைப்படுத்தும் முறை தன் விதிகளுக்கு ஒத்துவரவில்லை, 4.0, 4.5 ஆட்டக்காரர்களை மறுபடி சோதிக்காவிட்டால் டோக்கியோவிலேயே இடமில்லை என்றது. கமிட்டியின் விதி பத்து வகைப் பாதிப்புகளை மட்டும் ஏற்கிறது. சர்வதேசச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துச் சம்மேளனமோ காலை ஊன்றி ஓடி ஆட முடியாதபடி நிரந்தரப் பாதிப்பு இருந்தாலே போதும் என்று நெடுங்காலமாக ஏற்றுவந்தது. மூட்டுப் பாதிப்பு உள்ள பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஜெர்மனியின் பார்பரா குரோஸ், ஆஸ்திரேலியாவின் அனபெல் லிண்ட்சே இருவருக்கும் டோக்கியோவுக்கு முன்பே கதவு மூடப்பட்டது.

கமிட்டியின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. எல்லா பாரா விளையாட்டுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பது சரியான கோரிக்கை. ஆனால் ஆண்டுக்கணக்கில் அனுமதித்துவிட்டு, போட்டிக்குச் சில மாதம் முன்பு நீ போதிய அளவு ஊனமுற்றவள் அல்ல என்று ஒருத்தியிடம் சொல்வது கொடுமை. ஆட்டக் கணக்கிலும் இதற்கு விளைவு உண்டு. உயர்புள்ளி நட்சத்திரத்தை நம்பிக் கட்டிய அணி ஒரு கடிதத்தில் சரியலாம். அடிப்புள்ளி வீராங்கனைகளை நம்பிய அணிக்கு அந்த ஆபத்து குறைவு.

வராத கண்டங்கள்

லண்டன், ரியோ, டோக்கியோவில் பத்து மகளிர் அணிகள் ஆடின. பாரிஸில் எட்டாகக் குறைத்தார்கள். ஆண்கள் அணிகளும் பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு வந்ததால் சமத்துவம் வந்துவிட்டது என்றார்கள். பாரிஸில் ஆடிய எட்டு: நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின், அமெரிக்கா, கனடா, சீனா, ஜப்பான். ஆப்பிரிக்காவிலிருந்து ஒன்றும் இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து ஒன்றும் இல்லை. ரியோவிலும் டோக்கியோவிலும் ஆடிய அல்ஜீரியப் பெண்களுக்கு இடமில்லாமல் போனது. ஆண் பெண் கணக்கில் வந்த சமத்துவம் கண்டங்களின் கணக்கில் போய்விட்டது.

ஆனால் பாராலிம்பிக்குக்கு வெளியே வேறொரு வரலாறும் நடந்துகொண்டிருக்கிறது. காபூலில் செஞ்சிலுவைச் சங்கத்தின் எலும்பியல் மையத்தில் கால் பொருத்திக்கொள்ள வந்த பெண்களிலிருந்து ஓர் அணி உருவானது. தாமே தண்டுவடம் பாதித்தவரான அமெரிக்கர் ஜெஸ் மார்க்ட் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதன் தலைவி நிலோஃபர் பயாத், 2021 ஆகஸ்டில் தாலிபான் நுழைந்ததும் நாட்டைவிட்டு வெளியேறி ஸ்பெயினின் பில்பாவோ நகரக் கிளப்பில் சேர்ந்தார். கம்போடியாவின் பத்தம்பாங் நகரிலும் செஞ்சிலுவை உதவியோடு பெண்கள் அணி எழுந்தது. இரண்டு இடத்திலும் அணி பிறந்தது விளையாட்டு அமைச்சகத்தில் அல்ல, சிகிச்சை மையத்தில். ஜமைக்காவின் கதைதான் அரை நூற்றாண்டு கழித்து மறுபடி நடக்கிறது.

ஏழை நாடுகளுக்கு இன்னொரு வாசல் மூவர் ஆட்டம். காமன்வெல்த் போட்டிகளில் இது 2022 பர்மிங்காமில் அறிமுகமானது. களத்தில் மூன்று பேர், ஒரே கூடை, அரை ஆடுகளம். பெண்கள் தங்கத்தைக் கனடா வென்றது. கென்யப் பெண்களும் அங்கே ஆடினார்கள் என்பது அதைவிடப் பெரிய செய்தி. பன்னிரண்டு பேரையும் பன்னிரண்டு விளையாட்டு நாற்காலிகளையும் தேட முடியாத நாடு நான்கைத் தேடிவிடலாம்.

இந்தியாவும் சென்னையும்

இந்தியச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2014இல் சென்னையை மையமாகக் கொண்டு தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் மாதவி லதா. குழந்தையிலேயே போலியோ தாக்கியவர், சென்னையில் வங்கிப் பணி, உடல்நிலைக்காக நீச்சலுக்குப் போய் நீச்சல் வீராங்கனை ஆனவர். செஞ்சிலுவைச் சங்கமும் கைகொடுத்தது. சில ஆண்டுகளிலேயே இந்தியப் பெண்கள் அணி வெளிநாடு போய் ஆடத் தொடங்கியது.

2019இல் நடந்த ஒன்றை மட்டும் சொன்னால் இந்த அணியின் நிலை புரியும். சென்னைப் பயிற்சி முகாமுக்குக் காஷ்மீரின் பாரமுல்லாவைச் சேர்ந்த இஷ்ரத் அக்தர் தேர்வாகியிருந்தார். அந்த ஆகஸ்டில் காஷ்மீரில் தொலைபேசி, இணையம் எல்லாம் முடங்கிக் கிடந்தன. செய்தி சொல்ல வழியில்லை. பயிற்சியாளர் லூயிஸ் ஜார்ஜ் தமக்குத் தெரிந்த முன்னாள் அதிகாரி ஒருவரிடம் சொல்ல, அவர் வழியாக ராணுவமும் போலீசும் வீடு தேடிப் போய்ச் சொன்ன பிறகுதான் அந்தப் பெண் சென்னை வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்த ஆசிய–ஓசியானியச் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்காக ஆடினார். ஒரு பெண்ணின் மன உறுதிக்கும் ஒரு பயிற்சியாளரின் விடாப்பிடிக்கும் இது சான்று. அதே சமயம், ஒரே ஒரு வீராங்கனையை இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவர வேண்டிய அளவுக்கு நம்மிடம் ஆள் குறைவு என்பதற்கும் சான்று.

போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் இந்தியாவுக்கு 2014 மார்ச்சில் கிடைத்தது. அடுத்த இந்திய அணி போலியோ தலைமுறையிலிருந்து வராது. சாலை விபத்திலும், மாடியிலிருந்தும் மரத்திலிருந்தும் விழுந்தும் தண்டுவடம் அடிபட்ட பெண்களிடமிருந்து வர வேண்டும். அவர்களில் பலர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனதோடு சரி, பிறகு வாசல்படி தாண்டுவதில்லை. பஸ்ஸில் ஏற முடியாது, போகிற இடத்தில் கழிப்பறை இருக்காது, உள்ளரங்கு மைதானத்துக்குள் நாற்காலியை விடமாட்டார்கள், இறக்குமதி விளையாட்டு நாற்காலியின் விலை லட்சங்களில். ஆண் என்றால் வீட்டில் அனுப்பிவிடுவார்கள், பெண் என்றால் துணைக்கு யார் என்று கேட்பார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் கையிருப்பு உண்டு. விபத்தில் தாமே கால்கள் செயலிழந்து, நாற்காலியில் அமர்ந்தபடி அறுவைசிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு மையம் இருக்கிறது. ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. தண்டுவடம் பாதித்த பெண்களின் முகவரி இப்படிப்பட்ட இடங்களில்தான் கிடைக்கும். கிங்ஸ்டனிலும் காபூலிலும் அணி பிறந்தது இத்தகைய வாசல்களில்தான்.

தீர்ப்பு

ஆறு நாடுகளின் வெற்றிக்கும் பொதுவான சூத்திரம் ஒன்றுதான். அடிப்புள்ளிப் பெண்களைத் தேடிப் பிடித்தார்கள், அவர்களுக்கு ஆண்டு முழுவதும் ஆட ஓரிடம் கொடுத்தார்கள். இடம் நாட்டுக்கு நாடு மாறியது. இஸ்ரேலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் மறுவாழ்வு மையம், கனடாவுக்கு ஊர் ஜிம், அமெரிக்காவுக்குக் கல்லூரி, ஜெர்மனிக்குக் கலப்பு லீக், நெதர்லாந்துக்குத் தேசிய மையம். போட்டிக்கு முன்பு மூன்று வாரம் முகாம் போட்டு அணி கட்டிய நாடு எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே இந்தியச் சம்மேளனமும் மாநிலச் சங்கங்களும் செய்ய வேண்டியது மூன்று. பெண்ணின் புள்ளியிலிருந்து ஒன்றரையைக் கழிக்கும் கலப்பு லீக்கை மாவட்ட அளவில் தொடங்க வேண்டும். மூவர் ஆட்டத்தைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆள் தேடும்போது உயரமானவரை அல்ல, வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் ஒரு புள்ளிப் பெண்ணை முதலில் தேட வேண்டும். மற்ற நான்கு பேரையும் அவருக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அவர் இல்லாமல் பதினான்கு புள்ளிக் கணக்கு கூடிவராது.